டவுன் கடைத் தள்ளுபடியும் ஊர் மெடிக்கலும்

கேள்வி: ‘‘அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு பி.பி. இருவருக்கும் சேர்த்து மாதம் 1,200 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறோம். இருபது வருடமாக ஊர் மெடிக்கலில்தான் கணக்கு. இப்போது டவுனில் பெரிய கம்பெனியின் மருந்துக் கடை வந்திருக்கிறது. 20 சதவீதம் தள்ளுபடி. பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள மக்கள் மருந்தகத்தில் அதைவிடக் குறைவு என்கிறார்கள். அவ்வளவு குறைந்த விலை மாத்திரை வேலை செய்யுமா? எல்லோரும் டவுனுக்குப் போய்விட்டால் ஊர்க் கடைக்காரர் கதி என்ன? அமெரிக்காவில் பெரிய கடைகள் இப்படித்தான் சின்ன மருந்துக் கடைகளை ஒழித்தன என்று ஒருவர் சொன்னார். உண்மையா?’’

- காவிரி டெல்டாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பயிரைப் பற்றிய கேள்வி இல்லை என்றாலும், பயிர் போடுகிற குடும்பத்தின் கேள்வி. மாதம் 1,200 ரூபாய் என்றால் வருடத்துக்கு 14,400 ரூபாய். பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் முழுக்க வருவது 6,000 ரூபாய். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை மாத்திரைக்கே போகிறது. அதுவும் ஒரு போகத்தோடு முடிகிற செலவு இல்லை. சுகருக்கும் பி.பி.க்கும் பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது.

மாத்திரையின் விலையைப் புரிந்துகொள்ள உரக்கடை அனுபவமே போதும். இலைப்புள்ளி நோய்க்கு ‘எம்-45’ கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிற விவசாயிகள் உண்டு. அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மாங்கோசெப் 75 சதவீதம் என்று இருக்கும். அதே மாங்கோசெப் வேறு வேறு கம்பெனிப் பெயரில், வேறு வேறு விலையில் பக்கத்து அடுக்கிலும் இருக்கும். பாவிஸ்டின் என்று கேட்டாலும் கார்பென்டாசிம் என்று கேட்டாலும் பயிரில் வேலை செய்யும் மருந்து ஒன்றுதான். வேளாண் துறையின் பரிந்துரைகளில் கம்பெனிப் பெயரைப் போடாமல் மருந்தின் பெயரை மட்டும் போடுவது இதனால்தான்.

மாத்திரையிலும் அப்படியே இரண்டு பெயர். குரோசின், கால்பால், டோலோ எல்லாம் கடைப் பெயர்கள். உள்ளே இருப்பது பாராசிட்டமால். சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின், பி.பி.க்குத் தரும் அம்லோடிபின், டெல்மிசார்டன், கொழுப்புக்குத் தரும் அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாமே காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கிற பழைய மருந்துகள். மெட்ஃபார்மின் 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடித்த செலவு என்று இன்று யாரும் அதன் தலையில் ஏற்ற முடியாது. இப்படி மருந்தின் மூலப் பெயரிலேயே விற்கும் மாத்திரையைத்தான் ஜெனரிக் என்கிறார்கள்.

பிறகு ஏன் ஒரு பெயரில் விலை அதிகம், இன்னொரு பெயரில் குறைவு? டாக்டரிடம் போய்ப் பேசும் ரெப்புக்குச் சம்பளம், விளம்பரம், கம்பெனியின் லாபம், ஸ்டாக்கிஸ்ட்டின் பங்கு, கடைக்காரரின் பங்கு என்று எல்லாம் சேர்ந்துதான் அட்டையில் எம்.ஆர்.பி. ஆகிறது. பழைய மருந்துகள் பலவற்றில் மாத்திரை செய்யும் செலவு அதில் சிறு பகுதிதான். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவதற்குக் காரணம், ரெப் இல்லை, விளம்பரம் இல்லை, மொத்தக் கொள்முதலை அரசு நிறுவனமே டெண்டர் விட்டுச் செய்கிறது என்பதுதான். பெயருள்ள பிராண்டுகளைவிட 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்பது அரசு சொல்லும் கணக்கு. குறைந்த கணக்கான 50 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும், 1,200 ரூபாய்க்கு வாங்கிய மாத்திரை 600 ரூபாய்க்கு வருகிறது. வருடத்தில் மிச்சம் 7,200 ரூபாய்.

‘விலை குறைந்தால் தரமும் குறையும்தானே’ என்ற சந்தேகம் நியாயமானது. யூரியா மூட்டையில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் தழைச்சத்து 46 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதல்லவா? மாத்திரைக்கும் அப்படி ஒரு சட்டம் உண்டு. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஐ.பி.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். இந்திய மருந்துத் தரநூலில் சொன்ன அளவுப்படி தயாரித்தது என்று அதற்குப் பொருள். பிராண்டு மாத்திரையும் ஜெனரிக் மாத்திரையும் இந்த ஒரே நூலுக்குத்தான் கட்டுப்பட்டவை. ஒரே தொழிற்சாலையில் பல கம்பெனிகளுக்கு மாத்திரை தயாராவதும் சாதாரணம். அட்டையின் பின்பக்கம் ‘தயாரித்தவர்’ ஒருவராகவும் ‘விற்பவர்’ வேறொருவராகவும் இருப்பதைப் பார்க்கலாம். பூச்சிமருந்து டப்பாவில் பார்த்துப் பழகிய விஷயம்தான்.

மக்கள் மருந்தகங்களுக்கு வரும் சரக்கு, ஒவ்வொரு பேட்சும் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக ஜெனரிக் எல்லாமே சுத்தத் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலில் ஜெனரிக்கும் இருக்கும், பிராண்டும் இருக்கும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் சிரப்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது அது. டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த பாட்டிலிலும் ஒரு பிராண்டுப் பெயர்தான் ஒட்டியிருந்தது. ஆகவே பெயரைப் பார்த்துத் தரத்தை எடை போடுவதில் அர்த்தமில்லை. பேட்ச் எண், காலாவதி தேதி, பில் இந்த மூன்றும்தான் எந்தக் கடையிலும் பிடி. பில் இல்லாமல் வாங்கிய மாத்திரையைப் பற்றி நாளைக்கு எங்கும் புகார் கொடுக்க முடியாது. பில் கேட்டு வாங்காமல் பூச்சிமருந்து தெளித்துப் பயிர் கருகிய விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்றும்போது கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவு இம்மி மாறினாலும் உடம்பில் தெரியும். இவற்றில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கக் கூடாது. மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒருமுறை மாற்றி, அவர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அதிலேயே நிற்க வேண்டும். அடுத்து, பெயருக்குப் பின்னால் வரும் ‘எஸ்.ஆர்.’, ‘இ.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ போன்ற எழுத்துகள். இவை மருந்தை மெதுவாக விடுவிக்கும் வகை. சாதாரண மெட்ஃபார்மின் 500-ம் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500-ம் ஒன்றல்ல. கடைசியாக, கூட்டு மாத்திரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வரும். ஜெனரிக் கடையில் அதே அளவுக் கூட்டு இல்லை என்றால் ‘தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாமா’ என்று டாக்டரைக் கேட்காமல் கடையிலேயே முடிவு செய்யக் கூடாது. கிளிமிபிரைடு கூடிவிட்டால் சுகர் திடீரென இறங்கும். காலையில் வெறும் வயிற்றில் வயலுக்குப் போகிறவர்களுக்கு அது ஆபத்து.

இனி தள்ளுபடிக் கதைக்கு வரலாம். டவுனில் வந்திருக்கும் பெரிய கடையின் 20 சதவீதமும் மக்கள் மருந்தகத்தின் குறைந்த விலையும் ஒரே ரகம் இல்லை. பெரிய கடை கொடுப்பது அதே பிராண்டு மாத்திரையின் எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி. அந்தக் கடைக்கு அது எப்படிக் கட்டுபடியாகிறது? நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கிளைகள். கம்பெனியிடமே நேராக வாங்குவதால் ஸ்டாக்கிஸ்ட்டின் பங்கு அவர்களுக்கே மிச்சம். மாத்திரை வாங்க வந்தவர் சோப்பு, சத்து மாவு, குழந்தை டயப்பர் என்று எடுத்துக்கொண்டு போவார். அவற்றில் லாபம் அதிகம். போதாததற்கு, தங்கள் சொந்தப் பெயரிலேயே மாத்திரை தயாரிக்கச் சொல்லி விற்கவும் சில சங்கிலிக் கடைகள் இறங்கிவிட்டன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்பிளஸ் 2023-ல் சொந்தப் பெயர் மாத்திரைகளை 50 முதல் 80 சதவீதம் குறைத்து விற்பதாக அறிவித்தது. ஜெனரிக் வியாபாரத்தில் லாபம் இருக்கிறது என்று பெரிய கடைகளும் கண்டுகொண்டன என்பதே இதற்கு அர்த்தம்.

ஊர் மெடிக்கலின் கணக்கு வேறு. அரசு விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் அத்தியாவசிய மருந்துகளில் உச்ச விலையைக் கணக்கிடும்போது சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் லாபம் வைக்கிறார்கள். மற்ற மருந்துகளில் 20 சதவீதம் என்பது வியாபார வழக்கம். வாடகை, கரண்டு, பார்மசிஸ்ட் சம்பளம், காலாவதியாகித் திரும்பாத சரக்கு எல்லாம் இந்தப் பதினாறு, இருபதுக்குள்தான். இதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடு என்றால் அவர் எதைக் கொடுப்பார்? டவுன் கடையோடு தள்ளுபடிப் போட்டியில் இறங்கிய சின்னக் கடை, நஷ்டத்தில்தான் போய் முடியும். கேள்வி கேட்ட வாசகரின் கவலை சரியானது.

ஊர்க் கடை கொடுக்கும் சில வசதிகளுக்கு பில்லில் இடமில்லை. இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டலாம். கூலி வேலை செய்கிறவர் இரண்டு நாளைக்கு மட்டும் ஆறு மாத்திரை வாங்கலாம். குறுவைப் பணம் வரும்வரை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். ‘உங்க அம்மாவுக்கு போன தடவை இந்த மாத்திரை சேரலைன்னு சொன்னீங்களே’ என்று ஞாபகம் வைத்துக் கேட்கிற ஆள் டவுன் கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்.

இதற்காக ஊர்க் கடைக்காரரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். சான்றிதழ் ஒருவர் பெயரில் இருக்க, கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்ற கடைகள் கிராமங்களில் இருக்கத்தான் செய்கின்றன. உடம்பு வலி என்று போனால் சீட்டு இல்லாமலே நாலைந்து மாத்திரையைக் கலந்து ‘செட்’ கட்டிக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அந்த செட்டில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கலாம். நாற்று நட்ட இடுப்பு வலிக்கு அடிக்கடி அதைச் சாப்பிட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். சுகர் உள்ளவருக்கு ஸ்டீராய்டு சுகரை ஏற்றிவிடும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ரெப் வைத்து டாக்டரிடம் போகாமல், நேராகக் கடைக்காரருக்கே விற்கும் ஜெனரிக் மாத்திரைகள் உண்டு. இவற்றில் அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. உயரத்தில் இருக்கும். கடைக்காரர் வாங்கும் விலை அதில் சொற்பமாக இருக்கும். பிராண்டு மாத்திரையில் 20 சதவீதம் தேறும் கடைக்காரருக்கு இதில் பல மடங்கு தேறலாம். ‘ஜெனரிக்தான், பத்து சதவீதம் குறைச்சுத் தர்றேன்’ என்று அவர் சொன்னால் குறைத்தது அவருக்குச் சில்லறை. இந்த இடத்தில்தான் வாசகருக்கும் கடைக்காரருக்கும் ஒரு பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், அமெரிக்கக் கதையை முடித்துவிடலாம்.

2006 செப்டம்பர் 21-ம் தேதி, வால்மார்ட் என்ற பெரிய பல்பொருள் அங்காடி ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரப் பகுதியில் ஒரு திட்டம் அறிவித்தது. பட்டியலில் உள்ள ஜெனரிக் மருந்துகளை ஒரு மாதத்துக்கு 4 டாலர் என்ற ஒரே விலையில் கொடுப்பது. முதலில் 65 கடைகளில் தொடங்கி, அந்த வருடம் முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவியது. போட்டிக் கடையான டார்கெட் உடனே அதே விலையை அறிவித்தது. சில ஊர்களில் இன்னொரு சங்கிலிக் கடை சில ஆன்டிபயாடிக் மருந்துகளை இலவசமாகவே கொடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாத ஏழைகளுக்கு 4 டாலர் பெரிய உதவி. அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் பழைய, மலிவான மருந்துகள். புதிய மருந்துக்கு அந்த விலை கிடையாது. மாத்திரைக்கு வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மளிகையும் வாங்கிப் போவார் என்பது கடைக்குத் தெரியும். ‘இது தூண்டில் புழு’ என்று தனிக் கடைக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள்.

அவர்கள் ஒழிந்தார்களா என்றால், இல்லை. பல கடைகள் மூடின. ஆனால் தனிக் கடைகள் இன்றும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது, முதியவர்களுக்கு வேளை வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது, அங்கேயே மருந்து கலந்து தயாரிப்பது என்று வேறு வேலைகளில் பிடித்து நின்றன. தங்களை 4 டாலர் மாத்திரையைவிட அதிகமாக நசுக்குவது இன்சூரன்ஸுக்கும் கடைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் இடைத்தரகு நிறுவனங்கள்தான் என்பது அவர்களின் முறையீடு. அங்கே பெரும்பாலானவர்களின் மாத்திரைக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுக்கிறது. ஒரு மாத்திரைக்குக் கடைக்கு எவ்வளவு என்பதை இந்த இடைத்தரகர்கள் முடிவு செய்கிறார்கள். மூன்றே மூன்று நிறுவனங்கள் நாட்டின் மருந்துச் சீட்டுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைக் கையாள்வதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2024-ல் அறிக்கை கொடுத்தது. விளைந்தவனுக்கும் சாப்பிடுபவனுக்கும் நடுவில் விலையைத் தீர்மானிப்பவரைப் பற்றி விவசாயிக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பெரிய கடைகளும் அங்கே தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. வால்கிரீன்ஸ் 1,200 கடைகளை மூன்று வருடத்தில் மூடப் போவதாக 2024-ல் அறிவித்தது. ரைட் எய்டு என்ற பழைய சங்கிலி 2025 அக்டோபரில் மிச்சமிருந்த கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. சங்கிலிக் கடை வந்து ஊர்க் கடை போய், பிறகு சங்கிலிக் கடையும் போனால் அந்த ஊரில் மருந்தே கிடைக்காது. அங்கே பல இடங்களில் இன்று அந்த நிலைமைதான். பக்கத்துக் கடை மைல் கணக்கில் தள்ளி இருக்கிறது.

நம் நிலைமை அமெரிக்காவைப் போல் இல்லை. இங்கே மாத்திரைக்குப் பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் இல்லை, சட்டைப் பை. அதனால் தள்ளுபடி நேராகக் குடும்பத்துக்குத் தெரிகிறது, கடைக்காரரையும் நேராகத் தாக்குகிறது. தமிழ்நாட்டு மருந்து வணிகர்கள் இதை எதிர்த்துப் போராடியும் இருக்கிறார்கள். ஆன்லைன் மருந்து விற்பனைக்குத் தடை கேட்டு அவர்களின் சங்கம் போட்ட வழக்கில், 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சில நாட்களிலேயே மேல்முறையீட்டில் அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. போன் மூலம் மாத்திரை வீடு தேடி வருவது இன்று கிராமத்துக்கும் புதிதல்ல.

சரி, அந்த வாசகர் என்ன செய்யலாம்?

முதலில், காசே கொடுக்காமல் கிடைக்கும் வழி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. சுகர், பி.பி. உள்ளவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் பதியலாம். வீட்டுக்கு வராவிட்டாலும் நிலையத்துக்குப் போய் மாதாமாதம் வாங்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைந்தது. மொத்தமாக மூலப் பெயரில் கொள்முதல், கிடங்கில் வைத்துச் சோதனை என்ற அதன் முறையைப் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. ‘கவர்மென்ட் மாத்திரை கேக்காது’ என்று சொல்லிவிட்டு, அதே மெட்ஃபார்மினை அதிக விலை கொடுத்து வாங்குகிற வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெற்றோர் இருவருக்கும் எழுதிக் கொடுத்த மாத்திரை அங்கே இருந்தால் 1,200 ரூபாயில் பெரும் பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அங்கே இல்லாத மாத்திரைக்கு ஜெனரிக் கடை. மூன்று பலகைகள் இருப்பதால் குழப்பம் வருகிறது. மக்கள் மருந்தகம் மத்திய அரசுடையது, 2008-ல் தொடங்கிய ஜன் ஔஷதி திட்டம். அம்மா மருந்தகம் 2014-ல் வந்தது, கூட்டுறவு மூலம் நடப்பது, பிராண்டு மருந்துகளில் தள்ளுபடி தருவது. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் இடங்களில் திறந்தது. ஜெனரிக் மருந்துகள் 75 சதவீதம் வரை குறைவு என்பது அறிவிப்பு. பலகையில் யார் படம் என்பது மாத்திரைக்குள் போவதில்லை. எது பக்கத்தில் இருக்கிறதோ, எதில் சரக்கு இருக்கிறதோ அதில் வாங்கலாம். சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் இந்தக் கடைகள் மீது வரும் முக்கியப் புகார். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், வீட்டுப் பெண்கள் யாராவது டவுனுக்குப் போகும் நாளில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடலாம். அதற்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

எங்கே வாங்கினாலும் ஆரம்பம் டாக்டரின் சீட்டில்தான். ஷெட்யூல் எச் வகை மருந்துகளில், டாக்டர் ஒரு பிராண்டை எழுதியிருந்தால் கடைக்காரர் தானாக வேறு பிராண்டையோ ஜெனரிக்கையோ கொடுக்க மருந்து விதிகளில் இடமில்லை. சுகர், பி.பி. மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகை. எனவே டாக்டரிடம் உட்கார்ந்திருக்கும்போதே ‘மூலப் பெயரில் எழுதிக் கொடுங்க டாக்டர்’ என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் தயக்கம் வேண்டாம். மூலப் பெயரில், புரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியிருக்கிறது. பழைய அட்டையில் மூலப் பெயர் பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும், 2018-லிருந்து அப்படி விதி. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அந்தப் பெயரையும் மி.கி. அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். அந்த நோட்டுதான் எல்லாக் கடைக்கும் சாவி.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் ஊர் மெடிக்கலுக்கே போகலாம். ‘டவுன்ல இந்த விலைக்குக் கிடைக்குது. மாசாமாசம் இங்கேயே வாங்கிக்கிறோம், உங்களால என்ன விலைக்குத் தர முடியும்?’ என்று நேராகக் கேட்கலாம். மேலே சொன்ன ஜெனரிக் மாத்திரைகளில் அவருக்கு இடம் இருக்கிறது. எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பல மாத்திரைகளில் அவருக்குக் கட்டுபடியாகும். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து மாத மாத்திரைப் பட்டியலைக் கொடுத்தால், காலாவதி பயம் இல்லாமல் சரக்கு எடுப்பார். விதைநெல்லை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கும்போது விலை பேசுகிற மாதிரிதான். மறுத்துவிட்டால் டவுனுக்குப் போவதில் பாவம் ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு, இரவுக்கு, குழந்தைக்கு என்று வாங்குவதையாவது அவரிடம் வாங்கலாம். அதில் தள்ளுபடி கேட்டு அவரை நெருக்க வேண்டாம்.

கடைசியாக, சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வழி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களே ஜன் ஔஷதி கடை நடத்தலாம் என்று மத்திய அரசு 2023 ஜூனில் முடிவெடுத்து, முதலில் நாடு முழுக்க 2,000 சங்கங்களுக்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டின் முதல்வர் மருந்தகங்களிலும் பாதி கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. ஜன் ஔஷதி கடைக்கு 120 சதுர அடி இடமும் ஒரு பார்மசிஸ்ட்டும் வேண்டும். உரம் கொடுக்கும் சங்கக் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை பல ஊர்களில் இருக்கிறது. ஊரில் டி.பார்ம். படித்துவிட்டு டவுன் கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளையும் இருக்கக்கூடும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்கலாம். விவரங்களுக்கு ஜன் ஔஷதி இலவச எண் 1800 180 8080. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் புகார் செய்ய, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் எண் 1800 111 255.